தூரிக் கயிறும் மிதக்கும் காற்றாலையும்

பல்லடம் பக்கத்திலிருந்து கோவைக்குப் போய் இயந்திரப் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு காற்றாலை நிற்கிறது. அதற்குக் கடைக்கால் போட்டபோது லாரி லாரியாகக் காங்கிரீட் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். கடலில் கடைக்காலே இல்லாமல் மிதவையின் மேல் காற்றாலையை நிறுத்துகிறார்கள் என்று இப்போது படித்தேன். அலை அடித்தால் அது ஆடிக் கவிழ்ந்துவிடாதா? நல்ல கனமாகக் கட்டிவிட்டால் ஆட்டம் நின்றுவிடுமா? எங்கள் தறிக்குடோனில் தறி ஓடும்போது தரை அதிர்வதற்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?”

மிதக்கும் கட்டுமானங்களின் ஆட்டத்தைக் கணக்கிடுவதுதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் என் வேலையாக இருந்தது. இப்போது காங்கேயம் பக்கம் தோட்டத்தோடு இருக்கிறேன். கடலே இல்லாத நம் ஊரிலிருந்து இப்படியொரு கேள்வி வந்ததில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. விரிவாகவே சொல்கிறேன்.

ஆடும், தம்பி. ஆடாமல் எதுவும் மிதக்காது. ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று நினைத்து யாரும் மிதவையை வடிவமைப்பதில்லை. எந்தத் தாளத்தில் அது ஆட வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்கிறோம். அலை எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதைவிட, அலையின் தாளமும் மிதவையின் தாளமும் ஒன்றாகிவிடுகின்றனவா என்பதுதான் பெரிய கேள்வி.

ஆடி நோம்பிக்குத் தூரி கட்டி ஆடியிருப்பீர்கள். புளியமரக் கிளையில் கயிறு போட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்த தூரியைக்கூட ஒரு சிறுமி ஆட்டிவிடுவாள். அவளுக்குப் பலம் வேண்டியதில்லை. தூரி பின்னால் வந்து திரும்பும் நொடியைப் பார்த்து ஒவ்வொரு முறையும் மெல்லத் தள்ளினால் போதும், பத்துத் தள்ளலில் தூரி கிளையைத் தொடப் போகும். தாளம் தவறித் தள்ளினால் எத்தனை பலசாலியாலும் ஆட்ட முடியாது, கைதான் வலிக்கும். இதைத்தான் உங்கள் பாடப் புத்தகம் ஒத்ததிர்வு என்கிறது.

தூரி ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்துக்கு எளிய கணக்கு உண்டு. கயிற்றின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2ஆல் பெருக்குங்கள். கிடைப்பது வினாடி. 6 மீட்டர் கயிறு என்றால் 5 வினாடிக்குச் சற்றுக் குறைவு. ஏறி உட்காருபவர் குழந்தையா, மாமனா என்பது கணக்கில் வரவே வராது.

இதே கணக்கு மிதவைக்கும் பொருந்தும் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் செய்தி. மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனுள்ள உருளை ஒன்று நிமிர்ந்து மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சற்றே அமுக்கி விட்டால் மேலும் கீழுமாக ஆடும். அமுங்கிய பகுதி கூடுதலாக விலக்கிய நீரின் எடைதான் அதை மேலே தள்ளுகிறது. உருளையின் மொத்த எடையோ, அது ஏற்கெனவே விலக்கியிருக்கும் நீரின் எடைக்குச் சமம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் குறுக்குப் பரப்பு அடிபட்டுப் போய்விடுகிறது. மிஞ்சுவது நீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம் மட்டும். 25 மீட்டர் மூழ்கிய உருளை, 25 மீட்டர் கயிறுள்ள தூரியைப் போல 10 வினாடிக்கு ஒருமுறை ஆடும். மூழ்கிய ஆழம்தான் மிதவையின் தூரிக் கயிறு.

கனமாகக் கட்டினால் ஆட்டம் நிற்குமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. உருளையை அகலமாக்கி எடையை இரு மடங்காக்கினால், அதை மேலே தள்ளும் விசையும் இரு மடங்காகிவிடும். தாளம் அப்படியே இருக்கும். கனத்தைச் சேர்த்து ஆழமாக மூழ்க வைத்தால் மட்டுமே தாளம் மாறும்.

இனி எதிர்த்தரப்பைப் பார்ப்போம், அதாவது கடலை. ஒரு முகடு போய் அடுத்த முகடு வர எடுக்கும் நேரம்தான் அலையின் காலம். காற்று கிளப்பும் அலைகளின் ஆற்றல் பெரும்பாலும் 4 முதல் 20 வினாடி வரையான காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. உள்ளூர்க் காற்றில் எழும் அலை 5, 6 வினாடி. பெரும்புயலில் 12 முதல் 16 வினாடி. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழுந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் ஏறும் அலையைக் கடலோர மக்கள் கள்ளக்கடல் என்பார்கள். அது 15 வினாடிக்கும் மேலே போகும். ஆழ்கடலில் அலையின் நீளத்தையும் காலத்திலிருந்தே சொல்லிவிடலாம். வினாடியை அதனாலேயே பெருக்கி, மறுபடி 1.56ஆல் பெருக்கினால் மீட்டரில் வரும். 10 வினாடி அலை 156 மீட்டர் நீளம்.

ஆகவே எங்கள் தொழிலின் முதல் விதி, 4 முதல் 20 வினாடி வரை உள்ள அந்தப் பட்டைக்குள் மிதவையின் தாளம் விழக்கூடாது என்பது. மேலே போகலாம், அல்லது கீழே போகலாம்.

பவானிசாகர் அணையில் மீன் பிடிப்பவர்களின் பரிசலைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு சாண் ஆழம்கூட மூழ்காது. கயிற்றுக் கணக்குப்படி அதன் தாளம் ஒரு வினாடிக்கும் குறைவு. நீர்ப்பரப்பு ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், மாவிலையைப் போல அலையோடு ஒட்டியே போகும். உள்ளே இருப்பவர் ஆடுகிறார்தான், ஆனால் அலையைவிட அதிகமாக ஆடுவதில்லை. இது ஒரு கோடி.

நடுவில் மாட்டிக்கொள்வது சாதாரணப் பெட்டி வடிவத் தெப்பம். 5 மீட்டர் மூழ்கிய தெப்பத்துக்குக் கயிற்றுக் கணக்கு நாலரை வினாடி என்று சொல்லும். ஆனால் தெப்பம் மேலே கீழே போகும்போது தனியாகப் போவதில்லை. அடியிலும் சுற்றிலும் உள்ள நீரையும் இழுத்துக்கொண்டு ஆடுகிறது. கூடவே ஆடும் இந்த நீரின் நிறை, அகலமான தெப்பத்தில் தெப்பத்தின் நிறையையே தாண்டிவிடும். அதையும் சேர்த்தால் 6, 7 வினாடிக்கு வந்து நிற்கும். கடலில் தினமும் எழும் அலையின் தாளம் அது. சுமை ஏற்றிய தெப்பங்களைக் கடலில் இழுத்துப் போகிறவர்கள் வானிலையைப் பார்த்துப் பார்த்துக் கிளம்புவதற்கு இது முக்கியக் காரணம்.

மறு கோடியில் இருக்கிறது நீங்கள் படித்த காற்றாலை. ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கரைக்கு அப்பால் 2017இல் ஹைவிண்ட் என்ற பெயரில் ஐந்து மிதக்கும் காற்றாலைகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் 6 மெகாவாட். கடல்மட்டத்துக்குக் கீழே 78 மீட்டர் நீளத்துக்கு நெட்டுக்குத்தான எஃகு உருளை, அடியில் பாரம், மூன்று பக்கமும் நங்கூரச் சங்கிலி. 78க்குக் கயிற்றுக் கணக்குப் போட்டால் 17.7 வினாடி வருகிறது. பட்டையை விட்டு இன்னும் வெளியே வரவில்லையே என்று நீங்கள் கேட்க வேண்டும். அதற்காகத்தான் நீர்மட்டத்தில் மட்டும் உருளையை ஒடுக்கிவிட்டார்கள். அமுங்கும்போது மேலே தள்ளும் விசை, நீர்மட்டத்தில் உள்ள குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. கழுத்து ஒடுங்கினால் அந்த விசை குறையும், ஆனால் உடலின் எடை குறையாது, எனவே தாளம் 20 வினாடியைத் தாண்டிப் போகும். இத்தகைய மிதவையின் அடியில் 10 வினாடி அலை வந்து போவதை நினைத்துப் பாருங்கள். அது மேலே ஏறத் தொடங்குவதற்குள் அலை இறங்கிவிடுகிறது. ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. அலையின் அசைவு ஆழத்தில் வேகமாக வற்றிவிடும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால் மேற்பரப்பில் இருந்ததில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான் மிஞ்சும். 10 வினாடி அலைக்கு அந்தப் பாதி ஆழம் சரியாக 78 மீட்டர். உருளையின் அடி முனை இருப்பது அமைதியான நீரில்.

கவிழாதா என்று கேட்டீர்களே, அது அடியில் உள்ள பாரத்தின் வேலை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்பது போல, எடையின் மையம் மிதப்பின் மையத்துக்குக் கீழே இருக்கும்வரை இந்த உருளை நிமிர்ந்துவிடும். சாய்ந்து நிமிரும் அந்த ஆட்டத்துக்கும் தனித் தாளம் உண்டு. மிதக்கும் பொருள் ஒன்றுக்கு மொத்தம் ஆறு விதமான அசைவு: முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என்று மூன்று, அந்த மூன்று அச்சுகளையும் சுற்றிச் சாய்வதும் திரும்புவதுமாக இன்னொரு மூன்று. ஆறுக்கும் ஆறு தாளம், ஆறையும் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

78 மீட்டர் ஆழமுள்ள உருளையை எல்லாத் துறைமுகத்திலும் நிமிர்த்த முடியாது. அப்போது உதவுவது, நீருக்குள் முக்கால்வாசி மூழ்கி நிற்கும் தூண் மேடை. அடியில் பெரிய பெட்டிகள், அவற்றின் மேல் ஒல்லியான நாலைந்து தூண்கள், தூண்களின் மேல் தளம். நீர்மட்டத்தை வெட்டுவது தூண்கள் மட்டும். இங்கே தூரிக் கயிற்றின் நீளம் என்பது, விலக்கிய நீரின் கன அளவை நீர்மட்டப் பரப்பால் வகுத்தால் வருவது. 50,000 கன மீட்டர் நீரை விலக்கும் மேடைக்கு நீர்மட்டப் பரப்பு 1,000 சதுர மீட்டர் என்றால் கயிறு 50 மீட்டர். கூட ஆடும் நீரும் அதே அளவு நிறை சேர்த்தால் 100 மீட்டர். தாளம் 20 வினாடி. மூழ்கியிருப்பது 20, 25 மீட்டர்தான், ஆனால் நூறு மீட்டர் கயிற்றின் நிதானம் வந்துவிட்டது. அலையின் முகடு வரும்போது தூண்களைச் சுற்றி உயரும் நீர் மேடையை மேலே தள்ளும். அதே நேரத்தில் அடிப்பெட்டிகளைச் சுற்றியுள்ள நீர் கீழ்நோக்கி முடுக்கம் பெற்று அவற்றைக் கீழே இழுக்கும். ஏதோ ஓர் அலைக்காலத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்று தூண்களின் பருமனையும் பெட்டிகளின் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்த இரவுகளை நான் மறக்கவில்லை.

பட்டைக்குக் கீழே தப்பும் வழியையும் சொல்லிவிடுகிறேன். மிதவையை இருக்க வேண்டியதைவிட ஆழமாக இழுத்து, கடல்தரையில் அடித்த தூண்களோடு எஃகுக் குழாய்களால் இறுக்கிக் கட்டிவிடுவது. உடுக்கையின் தோலை இறுக்கியது போல மேல்கீழ் ஆட்டத்தின் தாளம் 2 முதல் 4 வினாடிக்கு வந்துவிடும். பக்கவாட்டில் மட்டும் நூறு வினாடி அளவுக்கு மெதுவாக அசையும். 1984இல் வடகடலில் ஹட்டன் எண்ணெய் வயலில் முதன்முதலாக இப்படிச் செய்தார்கள்.

இதோடு முடிந்துவிடும் என்றுதான் தொடக்க காலத்தில் பலரும் நினைத்தார்கள். கடல் அப்படி விடவில்லை. இங்கேதான் உங்கள் தறிக்குடோன் வருகிறது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தறிகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும்போது கண்ணை மூடிக் கேளுங்கள். சத்தம் ஒரே சீராக வராது. ஏறி ஏறி இறங்கும். ஒன்று நிமிடத்துக்கு 120 முறை அடிக்கிறது, இன்னொன்று 122 முறை என்றால், அரை நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து அடிக்கும், இடையில் விலகிப் போகும். தரை அதிர்வும் அப்படியே கூடிக் குறையும். கடலிலும் ஒரே ஓர் அலை வருவதில்லை. 10 வினாடி அலையும் 11 வினாடி அலையும் சேர்ந்து வந்தால் 110 வினாடிக்கு ஒருமுறை பெரிய அலைக் கூட்டம் வந்து போகும். அந்த மெதுவான தாளத்தில் ஒரு சிறிய தள்ளு விசையும் கூடவே பிறக்கிறது. அலையின் நேரடி விசையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. ஆனால் நங்கூரச் சங்கிலியில் கட்டிய பெரிய கப்பலின் முன்பின் தாளம் நூறு, இருநூறு வினாடி. சிறுமியின் கை சரியான நொடியில் தூரியைத் தொட்டுவிட்டது. கப்பல் பத்து மீட்டருக்கும் மேலாக முன்னும் பின்னும் உலாவும், சங்கிலியில் விழும் இழுவையில் பெரும் பங்கை இந்த மெல்லிய விசையே கொடுத்துவிடும்.

இரு அலைகளின் தாளங்கள் கழிந்து இப்படி மெதுவான விசை பிறப்பது போல, கூடி வேகமான விசையும் பிறக்கும். 6 வினாடி அலைகள் இரண்டு சேர்ந்தால் 3 வினாடித் தாளம். இறுக்கிக் கட்டிய மேடையின் தாளமும் அதுவே. மேடை மெல்ல விடாமல் துடிக்கும், குழாய்கள் களைக்கும். ஆக, அலையின் தாளத்திலிருந்து எந்தப் பக்கம் விலகிப் போனாலும் கடலுக்கு அங்கேயும் ஒரு விரல் எட்டுகிறது. மென்மையாகக் கட்டுவதா, விறைப்பாகக் கட்டுவதா என்பதில் நான் மென்மையின் பக்கம். மெதுவான ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம், அளக்கலாம், சங்கிலியைத் திருத்தலாம். வேகமான துடிப்பு இரும்புக்குள்ளேயே வேலை செய்யும், வெளியே தெரியாது.

எட்டும் விரலைத் தடுப்பது தணிப்பு. ஆடும் மிதவை தானே அலைகளைக் கிளப்பி ஆற்றலை இழக்கிறது. நீரில் சுழல்களைக் கிளப்பியும் இழக்கிறது. உருண்டையான அடிவயிறுள்ள கப்பல் பக்கவாட்டில் உருளும்போது அலையும் எழாது, சுழலும் எழாது, ஆட்டம் ஓயவே ஓயாது. 1861இல் கப்பலின் உருளலைப் பற்றிக் கட்டுரை எழுதிய வில்லியம் ஃபிரூட் என்ற ஆங்கிலேயர், அடிவயிற்றின் இரு பக்கமும் நீளவாக்கில் பலகை போன்ற துடுப்புகளைப் பொருத்தினால் உருளல் வெகுவாக அடங்கும் என்பதைச் சோதனைகளால் நிலைநாட்டினார். இன்றும் ஏறக்குறைய எல்லாப் பெருங்கப்பல்களிலும் அந்தத் துடுப்பு உண்டு. மிதக்கும் காற்றாலைகள் சிலவற்றில் தூண்களின் அடியில் அகலமான தட்டு வைப்பதும் இதே நோக்கத்தில்தான். தட்டு சுழல்களைக் கிளப்பும், கூடவே நிறைய நீரையும் பிடித்து இழுக்கும். தாளமும் நீளும், ஆட்டமும் சீக்கிரம் அடங்கும்.

காற்றாலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அதை நம் ஊர் மாணவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தக் காற்று வரும்போது, உங்கள் தோட்டத்துக் காற்றாலை தன் இறக்கைகளைச் சற்றே திருப்பி, வேண்டாத காற்றை நழுவ விட்டுவிடும். தரையில் இது நல்ல ஏற்பாடு. மிதவையில் என்ன நடக்கிறது பாருங்கள். காற்றாலை காற்றை எதிர்த்து முன்னால் சாயும்போது அதற்குக் காற்று கூடியதாகத் தோன்றும். உடனே இறக்கைகள் திரும்பும், காற்றின் தள்ளல் குறையும். அந்த நேரத்தில் தள்ளல் கூடினால்தான் சாய்வைத் தடுக்க முடியும், குறைந்ததால் இன்னும் முன்னால் சாய்கிறது. பின்னால் சாயும்போது இதே தவறு தலைகீழாக நடக்கும். தணிப்பதற்குப் பதிலாக, தூரியைத் தள்ளிவிடும் கையாகவே இயந்திரம் மாறிவிடுகிறது. மிதவையின் சாய்வுத் தாளத்தைவிட மெதுவாக இறக்கைகளைத் திருப்பும்படி கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றினால் இது அடங்கும். எஃகை ஒரு கிலோகூடக் கூட்ட வேண்டியதில்லை.

மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலை அமைக்கும் பேச்சு நடக்கிறது. ஆழம் குறைந்த இடங்களில் தரையூன்றிய தூணே போதும். ஏறத்தாழ 60 மீட்டருக்கு மேல் ஆழம் போகும்போதுதான் மிதவைக்கு வேலை வரும். அப்போது தறி அதிர்வைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கடைசியாக, மிதவை முழுதாக ஆடுவது வேறு, அதன் உடலே வளைவது வேறு. நீளமான கப்பலின் நடுவில் முகடு நின்றால் அது வில்லாக மேலே வளையும், இரு முனையிலும் முகடு நின்றால் தொட்டிலாகத் தொய்யும். ஒவ்வோர் அலைக்கும் ஒருமுறை இது நடக்கும். 8 வினாடிக்கு ஓர் அலை என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் முறை, இருபது ஆண்டில் 8 கோடி. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தே உடைக்கும் கதைதான்.

1980 மார்ச் 27 அன்று வடகடலின் எக்கோஃபிஸ்க் வயலில் ஊழியர்கள் தங்கியிருந்த அலெக்சாண்டர் எல். கீலண்ட் என்ற ஐந்து கால் மிதவை மேடை கவிழ்ந்தது. இருந்தவர்கள் 212 பேர், இறந்தவர்கள் 123 பேர். கால்களை இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்றில், நீரடி ஒலிக்கருவியைப் பொருத்தச் சிறு தாங்கி ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். அந்தப் பற்றவைப்பின் ஓரத்தில் தொடங்கிய விரிசல் அலை அலையாக வளர்ந்தது. அன்று குழாய் அறுந்தது, அதைத் தொடர்ந்து மற்றக் குழாய்களும் அறுந்து ஒரு கால் பிய்த்துக்கொண்டு போனது. மேடை கவிழ இருபது நிமிடம் போல ஆனது. மேடையின் தாளக் கணக்கில் பிழை இல்லை. யாரும் முக்கியமென்று நினைக்காத ஒரு சிறு பற்றவைப்பு அது. நீங்கள் படித்து முடித்து எந்தப் பட்டறையில் நின்றாலும், பற்றவைப்பின் ஓரத்தைக் குனிந்து பாருங்கள்.

இதையெல்லாம் தோட்டத்திலேயே சோதிக்கலாம். நான்கு அங்குலப் பிவிசி குழாயில் ஒன்றரை மீட்டர் எடுத்து அடியை மூடுங்கள். ஆழமான தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, சரியாக ஒரு மீட்டர் மூழ்கும்வரை உள்ளே மணல் போடுங்கள். ஒரு சாண் அமுக்கி விட்டுவிட்டு, ஐந்து ஆட்டத்துக்கு நேரம் பார்த்து ஐந்தால் வகுங்கள். 2 வினாடிக்கு ஒட்டி வர வேண்டும். மணலைக் குறைத்து 81 சென்டிமீட்டர் மூழ்க வைத்தால் 1.8 வினாடி. பிறகு ஓர் அடி அகலமுள்ள பழைய எவர்சில்வர் தட்டைக் குழாயின் அடியில் நீர் புகாமல் திருகிவிட்டு, மறுபடி ஒரு மீட்டர் குறிக்கே மூழ்க வையுங்கள். இரண்டரை வினாடிக்கும் மேலே போகும் என்பது என் கணக்கு. எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்பதையும் தட்டோடும் தட்டில்லாமலும் எண்ணி எனக்கு எழுதுங்கள்.